எட்டுப் பேரில் ஏழு பேரை மறைக்கும் ஊக்கக்கதை

"லண்டனில் அவமானப்பட்டார். ஒன்பது வருடம் பொறுத்தார். டோக்கியோவில் தங்கம் வென்றார். நீங்களும் விடாமல் முயன்றால் வெல்லலாம்."

இந்தோனேசிய பட்மின்டன் வீராங்கனை கிரேசியா பொலியைப் பற்றிச் சுற்றிக்கொண்டிருக்கும் கதை இவ்வளவுதான். பின்னால ஒரு பியானோ இசை, முன்னால அழுகிற முகம், கீழே ஒரு பொன்மொழி. ஒரு நிமிச வீடியோவாக வரும், படமாக வரும், ஊக்கப்பேச்சாளரின் மூன்றாவது உதாரணமாக வரும். பார்த்த உடனே பகிரத் தோன்றும். பகிர்ந்தும் இருப்பீர்கள்.

அந்தக் கதையில் இருக்கிற தகவல் ஒவ்வொன்றும் சரி. லண்டனும் நடந்தது, டோக்கியோவும் நடந்தது. பிழை எங்கே என்றால், இரண்டுக்கும் இடையில் போடப்படுகிற கோட்டில். ஒரு விளையாட்டு நிர்வாகம் விட்ட பிழை, அந்தக் கோட்டுக்குள்ளே ஒரு பெண்ணின் தனிப்பட்ட சோதனையாக மாறிவிடுகிறது. எட்டுப் பெண்கள் சேர்ந்து அனுபவித்த தண்டனை, ஒருத்தியின் வெற்றிக்குப் பின்னணி இசையாகிவிடுகிறது. கிரேசியா பொலி மீது மரியாதை இருக்கிற ஆக்கள்தான் முதலில் இந்தக் கதையை மறுக்கவேணும் என்பது என் கட்சி.

வெம்ப்லியில் ஒரு நாள்

2012 லண்டன் ஒலிம்பிக் பட்மின்டன் என்றால் எங்கட நாட்டில் கனபேருக்கு நிலுக கருணாரத்ன ஞாபகம் வரும். தொடக்க விழாவில் கொடி பிடித்தவர், ஜப்பானின் கெனிச்சி தாகோவைத் தோற்கடித்தவர். உலகத்துக்கு அதே வெம்ப்லி அரங்கு வேறு ஒரு விசயத்துக்காக ஞாபகத்தில் இருக்கிறது.

முதலில் விதியை வடிவாகப் பார்ப்பம். ஏனென்றால் ஊக்கக்கதை சொல்லுறவை ஒருநாளும் விதியைப் பற்றிக் கதைக்க மாட்டினம்.

பெய்ஜிங் ஒலிம்பிக் வரை பட்மின்டனில் தோற்றால் வீட்டுக்கு. அவ்வளவுதான். லண்டனில்தான் குழுச் சுற்று வந்தது. பெண்கள் இரட்டையரில் 16 சோடிகள், நான்கு குழுக்கள். ஒவ்வொரு குழுவிலும் முதல் இரண்டு இடம் கால் இறுதிக்குப் போகும். எந்தக் குழுவின் முதலாமிடம் எந்தக் குழுவின் இரண்டாமிடத்தோடு மோதும் என்பதும் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருந்தது. அதாவது கடைசிக் குழுப் போட்டிக்கு இறங்கும்போது, வென்றால் யார் வருவார், தோற்றால் யார் வருவார் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஜூலை 31ஆம் திகதி. சீனாவின் தியான் சிங், ஷாவோ யுன்லெய் சோடி டென்மார்க்கின் கமில்லா ரிட்டர் யூல், கிறிஸ்டினா பெடர்சன் சோடியிடம் தோற்றுத் தங்கள் குழுவில் இரண்டாமிடத்துக்கு இறங்கியது. யாரும் எதிர்பார்க்காத முடிவு. இதனால் சீனாவின் முதல்நிலைச் சோடியான வாங் சியாவோலி, யு யாங் தங்கள் குழுவில் முதலாமிடம் எடுத்தால், இறுதிப் போட்டிக்கு முதலே தங்கள் நாட்டுச் சோடியைச் சந்திக்கவேண்டி வரும். இரண்டாமிடம் எடுத்தால் இறுதி வரைக்கும் சந்திக்கத் தேவையில்லை. சீனாவுக்குத் தங்கமும் வெள்ளியும் கிடைக்க வாய்ப்பு.

அன்று மாலை வாங், யு சோடி தென்கொரியாவின் ஜுங் கியோங்-யுன், கிம் ஹா-நா சோடியோடு ஆடியது. ஆடியது என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. சேர்வை வேணுமென்றே வலையில் அடித்தார்கள். கொரியச் சோடியும் அதையே திருப்பிச் செய்தது. முதல் செற்றில் நான்கு அடிக்கு மேல் நீண்ட ராலி ஒன்றும் இல்லை. காசு கொடுத்து வந்த சனம் கூச்சலிட்டது. கடைசியில் சீனச் சோடி தான் விரும்பியபடியே தோற்றது.

அடுத்த போட்டியில் இறங்கினது தென்கொரியாவின் ஹா ஜுங்-யுன், கிம் மின்-ஜுங் சோடியும் இந்தோனேசியாவின் கிரேசியா பொலி, மெய்லியானா ஜௌஹாரி சோடியும். இரண்டும் ஏற்கெனவே கால் இறுதிக்குத் தகுதி பெற்றவை. இதில் வென்றவருக்குக் கால் இறுதியில் காத்திருந்தது யார்? சற்று முன்னர் வேணுமென்று இரண்டாமிடம் எடுத்த உலகின் முதல்நிலைச் சோடி. ஆகவே இங்கேயும் யாருக்கும் வெல்ல விருப்பமில்லை. தலைமை மத்தியஸ்தர் உள்ளே வந்து கறுப்பு அட்டை காட்டினார், பிறகு அதை மீளப்பெற்றார். கொரியச் சோடி வென்றது.

மறுநாள் நான்கு சோடிகளும் தகுதிநீக்கம். வெல்வதற்குத் தங்களால் முடிந்ததைச் செய்யவில்லை, விளையாட்டுக்குக் கேடு விளைவித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. கொரியாவின் மேன்முறையீடு நிராகரிக்கப்பட்டது. இந்தோனேசியா தன்னுடையதை மீளப்பெற்றது. எட்டுப் பெண்கள் ஒலிம்பிக்கை விட்டு வெளியே.

"அவை செய்தது பிழைதானே?"

ஓம், பிழைதான். இதில் மழுப்பத் தேவையில்லை. அரங்கில் இருந்த சனத்துக்கும், அதே விதிக்குள் நேர்மையாக ஆடின மற்றச் சோடிகளுக்கும் அது துரோகம். டென்மார்க் சோடி எந்தக் கணக்கும் பார்க்காமல் சீனாவை அடித்து வென்றது. அவர்களால் முடிந்தது மற்றவர்களாலும் முடிந்திருக்கும். தண்டனையே கொடுத்திருக்கக் கூடாது என்று வாதாடுறதுக்கு நான் வரவில்லை.

என் கேள்வி வேறு. தண்டனை ஏன் கோட்டுக்குள் நின்ற எட்டுப் பெண்களோடு நின்றது?

ஒலிம்பிக்கில் ஒரு சோடி தானாக முடிவெடுத்து உலகின் கண்முன்னே சேர்வை வலையில் அடிக்காது. பக்கத்தில் பயிற்றுநர் இருக்கிறார். பின்னால் தேசிய அணி இருக்கிறது. அதற்கும் பின்னால் பதக்கக் கணக்குப் பார்க்கிற அமைச்சு இருக்கிறது. சீன அணியின் தலைமைப் பயிற்றுநர் லி யொங்போ இதற்கு முதலே, 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் பெண்கள் ஒற்றையர் அரை இறுதியில் சாங் நிங்குக்கு விட்டுக்கொடுக்கும்படி சோ மியிடம் சொன்னதாகத் தொலைக்காட்சிப் பேட்டியில் ஒப்புக்கொண்டவர். அது லண்டனுக்கு முன்னரே உலகத்துக்குத் தெரிந்த சங்கதி. அப்போது வானம் இடிந்து விழவில்லை. லண்டனுக்குப் பிறகு அவர் மன்னிப்புக் கேட்டார், 2017 வரை அதே கதிரையில் இருந்தார். யு யாங் என்ன செய்தார்? பட்மின்டனுக்கே விடை சொல்லி சமூக வலைத்தளத்தில் எழுதினார். யாருடைய வாழ்க்கையில் எது உடைந்தது என்று ஒருக்கால் ஒப்பிட்டுப் பாருங்கோ.

அடுத்தது விதியை எழுதினவர்கள். வென்றவருக்குத் தண்டனையும் தோற்றவருக்குப் பரிசும் கிடைக்கிற மாதிரி ஒரு அட்டவணையை உலக பட்மின்டன் சம்மேளனம் போட்டது. அது பிழையென்று எப்படித் தெரியும்? அவர்களே மாற்றினார்கள். றியோவுக்கு முன்னர், குழுவில் முதலாமிடம் எடுக்கிறவர்களின் இடம் நிலையானது, இரண்டாமிடக்காரர்களை மட்டும் மறுபடி சீட்டுக் குலுக்கி அமர்த்துவது என்று விதி திருத்தப்பட்டது. இரண்டாமிடம் எடுத்தால் யார் வருவார் என்று இனி யாருக்கும் தெரியாது. ஆகவே வேணுமென்று தோற்பதில் லாபமில்லை. ஒரு பந்தியில் எழுதக்கூடிய திருத்தம். லண்டனுக்கு முதலே எழுதியிருந்தால் எட்டுப் பேரும் அன்று ஒழுங்காக ஆடியிருப்பார்கள். திருத்தினவர்கள் யாரும் பதவி இழந்ததாகச் சரித்திரமில்லை.

இன்னுமொன்று. "முடிந்ததைச் செய்யவில்லை" என்பதை யார் அளக்கிறது? அதே லண்டனில், அதே குழுச் சுற்றில், புள்ளி வித்தியாசத்தில் கால் இறுதியைத் தவறவிட்ட இந்தியச் சோடி ஜுவாலா குட்டா, அஷ்வினி பொன்னப்பா. தங்கள் குழுவில் ஜப்பான் சீன தாய்பேயிடம் தோற்ற விதத்தை விசாரிக்கச் சொல்லி இந்தியா முறையிட்டது. முறைப்பாடு தள்ளுபடி. ஜப்பான் சோடி பிழை செய்தது என்று நான் சொல்லவில்லை, அதற்கு எந்தத் தீர்ப்பும் இல்லை. நான் சொல்லுறது இதுதான்: அரைமனதாக ஆடுவதற்கும் வேணுமென்று தோற்பதற்கும் இடையில் இருக்கிற கோடு மெல்லியது. கூச்சல் கேட்டால் மட்டும்தான் அந்தக் கோடு நிர்வாகத்தின் கண்ணுக்குத் தெரிகிறது.

பாவாடை போடச் சொன்ன அதே சம்மேளனம்

இந்தப் பகுதியை எந்த ஊக்க வீடியோவிலும் பார்க்க மாட்டீர்கள்.

2011இல் இதே சம்மேளனம் ஒரு விதி கொண்டுவந்தது. உயர்மட்டத் தொடர்களில் பெண்கள் பாவாடையோ கவுனோ போட்டுத்தான் ஆடவேணும். காரணம், பெண்களின் ஆட்டத்தைக் கவர்ச்சியாகக் காட்டிப் பார்வையாளரைக் கூட்டவேணுமாம். வீராங்கனைகள் எதிர்த்தார்கள், விதி தள்ளிப்போடப்பட்டது, கடைசியில் லண்டன் ஒலிம்பிக்குக்கு இரண்டு மாதம் இருக்கையில் 2012 மே மாதம் கைவிடப்பட்டது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. பெண்களின் ஆட்டத்தை எப்படி உயர்த்துவது என்ற கேள்விக்கு உடுப்பில் விடை தேடிக்கொண்டிருந்த நிர்வாகம், அட்டவணையில் இருந்த ஓட்டையைக் காணவில்லை. பிறகு அந்த ஓட்டைக்குள் பெண்கள் விழுந்தபோது, விளையாட்டின் பெயரைக் கெடுத்தவர்கள் என்று அவர்களையே வெளியே அனுப்பியது. விளையாட்டின் பெயர் அதற்கு முதல் வருசமே கெட்டுப்போனதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

காசைப் பற்றியும் கதைப்பம். பட்மின்டனில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பரிசுத்தொகை என்று பெருமையாகச் சொல்லுவினம், அது உண்மைதான், நல்ல விசயம். ஆனால் ஒற்றையருக்கும் இரட்டையருக்கும்? 2023 மலேசிய ஓபன் தொடரின் மொத்தப் பரிசு 12 லட்சத்து 50 ஆயிரம் அமெரிக்க டொலர். ஒற்றையர் சம்பியனுக்கு 87,500 டொலர். இரட்டையர் சம்பியன் சோடிக்கு 92,500. இரண்டாகப் பிரித்தால் ஆளுக்கு 46,250. அதாவது ஒற்றையர் சம்பியன் எடுக்கிறதில் பாதியை விடக் கொஞ்சம் கூட. இரட்டையர் ஆடுறவர் கலப்பு இரட்டையரிலும் சேர்ந்து ஆடலாம் தானே என்று ஒரு பதில் வரும். ஆடலாம். அப்ப உடம்பு இரண்டு மடங்கு தேயும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேணும். ஒற்றையர்தான் உண்மையான பட்மின்டன், இரட்டையர் என்றால் அதில் பாதி என்ற நினைப்பு அந்தக் கணக்கிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

உண்மையில் பெண்கள் இரட்டையர் மாதிரி ஒரு கடினமான ஆட்டம் குறைவு. ஆண்கள் இரட்டையரில் மூன்று நாலு அடியில் புள்ளி முடிந்துபோகும். இங்கே ஒரு ராலி ஐம்பது, அறுபது அடி, சிலவேளை நூறைத் தாண்டும். ஸ்மாஷ் அடித்து முடிக்க ஏலாது, எதிர்ப்பக்கம் எல்லாத்தையும் தூக்கிப்போடும். முன்னுக்கு நிற்கிறவள் எப்ப பின்னுக்கு வரவேணும், நடுவில் விழுகிற ஷட்டிலை யார் எடுக்கிறது, மற்றவள் களைத்திட்டாள் என்று எந்த அடியில் தெரிய வேணும், இதையெல்லாம் வாய் திறக்காமல் தீர்மானிக்கவேணும். இந்தக் கலையில் பெரிய ஆள் கிரேசியா பொலி. ஊக்கக்கதையில் அவர் எப்படி ஆடினார் என்று ஒரு வரி கூட இல்லாதது தற்செயல் இல்லை. அவர்களுக்கு ஆட்டம் தேவையில்லை, கண்ணீர் போதும்.

இன்னொருத்தியின் முழங்காலில் தங்கியிருக்கும் வாழ்க்கை

1987இல் ஜகார்த்தாவில் பிறந்து, வட சுலவேசியின் மனாடோவில் சின்ன வயதைக் கழித்து, மறுபடி ஜகார்த்தா வந்து ஜெயா ராயா கழகத்தில் வளர்ந்தவர் கிரேசியா. இந்தோனேசியாவுக்கு பட்மின்டன் என்றால் உயிர். 1992 பார்சிலோனாவில் சுசி சுசாந்தியும் அலன் புடிகுசுமாவும் எடுத்த ஒற்றையர் தங்கங்கள் தேசியக் காவியம். ஆண்கள் இரட்டையர், கலப்பு இரட்டையர் எல்லாவற்றிலும் தங்கம் வந்தது. பெண்கள் இரட்டையரில் மட்டும் 2021 வரைக்கும் வரவில்லை. கிரேசியா நுழைந்தது அந்த மாதிரி, யாரும் பெரிதாக எதிர்பார்க்காத ஒரு பிரிவுக்குள்.

லண்டனுக்குப் பிறகு அவருடைய சோடி நித்யா கிரிஷிண்டா மஹேஸ்வரி. 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் இருவரும் தங்கம் வென்றார்கள். இறுதியில் அவர்கள் தோற்கடித்தது ஜப்பானின் மிசாகி மட்சுதோமோ, அயாகா தகஹாஷி சோடியை. இரண்டு வருடம் கழித்து றியோவில் ஒலிம்பிக் தங்கம் எடுத்தது அந்த ஜப்பான் சோடிதான். கிரேசியாவும் நித்யாவும் றியோவில் கால் இறுதியோடு வெளியே. அவர்களை அங்கே வென்ற சீனச் சோடியில் ஒருவர் யார் தெரியுமா? யு யாங். லண்டனில் ஒரே நாளில் ஒன்றாக வெளியேற்றப்பட்ட இரண்டு பெண்கள், நாலு வருசம் கழித்து வலைக்கு இரண்டு பக்கமும். அந்த யு யாங் சோடியை வெண்கலப் போட்டியில் வென்றது ஜுங் கியோங்-யுன், ஷின் சுங்-சான். ஜுங்கும் அந்த எட்டுப் பேரில் ஒருவர். இந்தக் கதையை ஏன் யாரும் வீடியோ போடவில்லை?

அதன் பிறகு நித்யாவின் முழங்கால். சத்திரசிகிச்சை, நீண்ட இடைவெளி. ஒற்றையர் வீராங்கனைக்கு அவருடைய உடம்பு போதும். இரட்டையர் வீராங்கனைக்கு இன்னொருத்தியின் உடம்பும் வேணும். முப்பதை நெருங்கிய கிரேசியா ஓய்வு பெற யோசித்தார். பயிற்றுநர் எங் ஹியான், 2004 ஏதென்ஸில் ஆண்கள் இரட்டையர் வெண்கலம் எடுத்தவர், கொஞ்சம் பொறு, இளம் பிள்ளைகளை வளர்த்துவிடு என்று நிறுத்திவைத்தார். 2017இல் அப்ரியானி ரஹாயு வந்தார். தென்கிழக்கு சுலவேசியின் கொனாவே பகுதியைச் சேர்ந்தவர், 1998இல் பிறந்தவர், கிரேசியாவை விடப் பத்து வயதுக்கு மேல் இளையவர். அந்த வருசமே பிரெஞ்சு ஓபனை வென்றார்கள்.

இதைப் "பொறுமை" என்று ஒரு சொல்லுக்குள் அடைக்க ஏலுமா? ஒரு பயிற்றுநரின் முடிவு, ஒரு இளம்பெண்ணின் வேகம், இன்னொரு பெண்ணின் காயம், அதுக்கு மேல கிரேசியாவின் அனுபவம். இதில் எதையாவது ஒன்றை உருவினால் டோக்கியோ இல்லை.

டோக்கியோ எதை நிரூபித்தது?

டோக்கியோவில் நடந்த ஒரு போட்டிதான் என்னுடைய மிகப்பெரிய ஆதாரம். இறுதிப் போட்டியை நான் சொல்லவில்லை. 2021 ஜூலை 27ஆம் திகதி நடந்த கடைசிக் குழுப் போட்டி. கிரேசியா, அப்ரியானி ஒரு பக்கம். ஜப்பானின் யூகி ஃபுகுஷிமா, சயாகா ஹிரோதா மறுபக்கம், தொடரின் முதல்நிலைச் சோடி, ஹிரோதா முழங்காலில் பெரிய பட்டை கட்டிக்கொண்டு ஆடினார். இரண்டு சோடியும் அதுவரை ஆடின இரண்டையும் வென்று ஏற்கெனவே கால் இறுதிக்குத் தகுதி.

கவனித்தீர்களா? லண்டனில் இருந்த அதே நிலைமை. முடிவு தகுதியைப் பாதிக்காத கடைசிக் குழுப் போட்டி, அதே கிரேசியா. இந்தமுறை மூன்று செற் அடிபட்டு ஆடி வென்றார்கள், குழுவில் முதலாமிடம்.

ஊக்கப்பேச்சாளர் சொல்லுவார், "பாருங்கள், அவர் திருந்திவிட்டார்" எண்டு. நான் சொல்லுறன், விதி திருந்தியிருந்தது. முதலாமிடம் எடுத்தால் நன்மை, இரண்டாமிடம் எடுத்தால் யார் வருவார் என்று தெரியாது. வெல்லுவது லாபமான இடத்தில் ஆக்கள் வெல்லப் பார்ப்பார்கள். தோற்பது லாபமான அட்டவணையைப் போட்டுவிட்டு, பிறகு ஒழுக்கம் பற்றிப் பாடம் எடுக்கிறது நியாயமில்லை.

ஆகஸ்ட் 2ஆம் திகதி இறுதிப் போட்டி. எதிரே சீனாவின் சென் சிங்சென், ஜியா யிஃபான். ராலி நடந்துகொண்டிருக்கும்போதே கிரேசியாவின் ரக்கெட் நரம்பு அறுந்தது. அப்ரியானி தனியாகத் தாக்குப்பிடிக்க, கிரேசியா ஓடிப்போய் வேறு ரக்கெட்டை எடுத்துக்கொண்டு திரும்பி அதே ராலிக்குள் புகுந்தார். இரட்டையர் என்றால் என்ன என்று கேட்பவருக்கு அந்த சில செக்கன்களைக் காட்டினால் போதும். 21-19, 21-15. 33 வயதில் தங்கம். தரப்படுத்தப்படாத சோடி ஒன்று பெண்கள் இரட்டையர் தங்கம் எடுத்தது ஒலிம்பிக்கில் அதுதான் முதல் தடவை. பட்மின்டனின் ஐந்து பிரிவிலும் இந்தோனேசியாவுக்குத் தங்கம் என்ற கணக்கும் அன்று நிறைவேறியது.

பிறகு பரிசு மழை. அரசாங்கம் ஆளுக்கு 5.5 பில்லியன் ரூபியா கொடுத்தது. அப்ரியானிக்குக் கொனாவே நிர்வாகம் வீடும் ஐந்து மாடும் தருவதாக அறிவித்தது. கொடுக்கட்டும், அவர்கள் உழைத்தது. ஆனால் வென்ற பிறகு கொட்டுகிற காசுக்கும் வெல்லுவதற்கு முன்னர் போடுகிற காசுக்கும் வித்தியாசம் இருக்கிறது. முதலாவது விளம்பரம். இரண்டாவதுதான் விளையாட்டு.

2022 ஜூனில் ஜகார்த்தாவின் இஸ்தோரா செனாயன் அரங்கில் கிரேசியா விடைபெற்றார். அப்ரியானி, சிதி ஃபாதியாவோடு சேர்ந்து அந்த வருசமே சில பெரிய தொடர்களை வென்றார். ஆனால் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அந்தச் சோடி குழுச் சுற்றில் ஆடின மூன்றையும் தோற்றது. அது அந்த இரண்டு பெண்களின் குற்றமில்லை. ஒருத்தி பதினைந்து வருசத்துக்கு மேல் தோளில் சுமந்ததை ஒரு கட்டமைப்பாக மாற்றாமல், கொண்டாட்டத்தோடு நிறுத்திக்கொண்டால் இப்படித்தான் நடக்கும்.

எட்டுக்கு ஒன்று

"விடாமல் முயன்றால் வெல்லலாம்" என்கிற வசனத்தைக் கணக்காகப் போட்டுப் பார்ப்பம். லண்டனில் தண்டிக்கப்பட்டது எட்டுப் பேர். எட்டுப் பேரும் சின்ன வயதிலிருந்து காலையும் மாலையும் கோட்டுக்குள் கிடந்தவர்கள். அதன் பிறகு ஒலிம்பிக் தங்கம் எடுத்தது ஒருத்தர். யு யாங்கிடம் பெய்ஜிங் தங்கம் ஏற்கெனவே இருந்தது, 2013இல் வாங் சியாவோலியோடு உலக சம்பியனும் ஆனார், றியோவில் நான்காமிடம். ஜுங்குக்கு வெண்கலம். மற்றவர்களுக்கு ஒலிம்பிக் பதக்கம் எதுவும் வரவில்லை.

மெய்லியானா ஜௌஹாரியின் பெயர் ஞாபகமிருக்கிறதா? அன்று கிரேசியாவுக்குப் பக்கத்தில் நின்றவர். அதே கோடு, அதே கறுப்பு அட்டை, அதே தண்டனை. அவருக்கு இன்னொரு ஒலிம்பிக் கிடைக்கவே இல்லை. உங்கட ஊக்கக்கதையின்படி அவருக்கு என்ன குறை? முயற்சி போதாதா? பொறுமை போதாதா? இந்தக் கேள்விக்கு விடை சொல்லாத எந்தக் கதையும், வெல்லாதவர்களை எல்லாம் சோம்பேறி என்று மறைமுகமாகத் திட்டுகிறது.

இந்த இடத்தில்தான் இது எங்களுக்கும் முக்கியம். இளம் ஆக்களிடம் இப்படிக் கதைகளைத் திரும்பத் திரும்பச் சொல்லி என்ன பழக்குகிறார்கள்? விதி பிழையாக இருந்தால் கேள்வி கேட்காதே, பொறுத்துக்கொள். மேலே இருக்கிறவர் பிழை விட்டால் நீ தண்டனையை வாங்கிக்கொள், ஒருநாள் வெல்லுவாய். வெல்லாவிட்டால் அது உன் பிழை. இது விளையாட்டுப் பாடம் இல்லை, அடங்கி நடக்கிறதுக்கான பாடம்.

கிரேசியாவே அப்படி அடங்கி நின்றவர் இல்லை. சம்மேளனத்தின் வீரர்கள் ஆணைக்குழுவில் சேர்ந்து அதன் தலைவராகவும் வந்தார். தன்னை வெளியேற்றிய அமைப்பின் மேசையிலேயே போய் வீரர்களுக்காக உட்கார்ந்தார். ஊக்க வீடியோ இதைக் காட்டாது. காட்டினால், தனியாக முயற்சி செய் என்கிற பாடம் குழம்பிப்போகும்.

ஆகவே என் வேண்டுகோள் சின்னது. கிரேசியா பொலியைக் கொண்டாடுங்கோ, நல்லாக் கொண்டாடுங்கோ. டோக்கியோ இறுதிப் போட்டியை முழுசாகப் பாருங்கோ, எப்படி இடம் மாறுகினம் என்று கவனியுங்கோ. ஆனால் அடுத்தமுறை அந்த ஒரு நிமிச வீடியோ வந்தால், பகிர முன்னர் கீழே எட்டுப் பெயரையும் எழுதுங்கோ: வாங் சியாவோலி, யு யாங், ஜுங் கியோங்-யுன், கிம் ஹா-நா, ஹா ஜுங்-யுன், கிம் மின்-ஜுங், மெய்லியானா ஜௌஹாரி, கிரேசியா பொலி. எழுதிவிட்டு ஒரு கேள்வியையும் சேருங்கோ: அந்த அட்டவணையைப் போட்டவர்களின் பெயர் என்ன?